நாய்க்கு வயிறு ஒத்துக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து உணவைச் சரிசெய்யும் வழிமுறை

நாய்க்கு லூஸ் மோஷன் என்றதும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலையில் பாக்கெட் உணவை நிறுத்திவிட்டுத் தயிர் சாதம். மதியம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையில் பாதி. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன மாதுளைத் தோல் கஷாயம். ராத்திரி, "பாவம், ஒண்ணுமே சாப்பிடல" என்று கொஞ்சம் கோழி ஈரல். மறுநாள் வயிறு இன்னும் மோசமாகிறது. நாலில் எது கெடுத்தது என்று டாக்டராலும் சொல்ல முடியாது.

வயிறு பலவீனமான நாய்க்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பது. கீழே சொல்லியிருப்பது எல்லாம் அந்த அடிப்படையில்தான். உங்கள் நாயின் தொந்தரவு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

உணவை மாற்றிப் பார்க்க நேரம் இல்லாத நிலைமைகள்

வயிறு உப்பி, எச்சில் ஒழுக, வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல் தவிக்கிறதா? கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழமான மார்பு உள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் வீங்கி முறுக்கிக்கொள்ளும். இது சில மணி நேரத்திலேயே உயிரை எடுத்துவிடும், அறுவை சிகிச்சை வேண்டும். எந்த மணியானாலும் உடனே வண்டியை எடுங்கள்.

தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்து, ரத்தம் கலந்து நாற்றமடிக்கும் பேதி போகிறதா? பார்வோவாக இருக்கலாம். அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெளியே போகாத குட்டிக்கும் நம் செருப்பு வழியாக வரும். குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போடுவது இதற்காகத்தான். ஒரு ஊசி போட்டாச்சு, போதும் என்று இருந்துவிடாதீர்கள். குட்டிகளைப் பட்டினி போட்டும் பார்க்காதீர்கள். சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும்.

தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனால் வயிற்றின் மேல்பகுதியிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது என்று பொருள். குடித்த தண்ணீரைக்கூட வெளியே தள்ளினால், ஈறு வெளுத்திருந்தால், படுத்த இடத்தை விட்டு எழவில்லை என்றால், உடம்புச் சூடு 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், காத்திருக்க வேண்டாம். நாயின் சாதாரணச் சூடு 100.5 முதல் 102.5 டிகிரி வரை; நம் அளவை வைத்துப் பார்த்து "லேசா ஜுரம்" என்று முடிவு செய்யாதீர்கள். ஈறை விரலால் தொட்டுப் பாருங்கள்: ஈரமாக வழுக்கினால் நல்லது, பிசுபிசு என்று ஒட்டினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. ஈறை அழுத்தி விட்டால் வெள்ளையான இடம் 2 நொடிக்குள் சிவப்பாக வேண்டும்.

திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) போட்ட சூயிங்கம், எலி மருந்து, பாராசிட்டமால், ஐபுப்ரூஃபென் இவற்றில் ஏதாவது உள்ளே போயிருந்தாலும் அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கேசரியிலும் நாம் போடுகிற உலர் திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. "ஒரு வாய்தானே" என்று ஊட்டாதீர்கள்.

வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைப் பலருக்குத் தெரியும். அதோடு உங்கள் பக்கத்தில் ராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து, நம்பரை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். போரூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ நடுராத்திரியில் கிளம்பி, பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்கிற கொடுமை யாருக்கும் வேண்டாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும்: வாய்க்குள் போவதை எல்லாம் எழுதுங்கள்

மேலே சொன்ன அவசரம் எதுவும் இல்லை என்றால், உணவை மாற்றும் முன்பே கணக்கு எழுத ஆரம்பித்து, மூன்று நாளாவது தொடருங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள், ஒரு பேனா. வீட்டில் உள்ள எல்லாரும் எழுத வேண்டும். தாத்தா காலை காபியோடு போடும் பிஸ்கட், குழந்தை தட்டிலிருந்து கீழே விழும் சப்பாத்தி, சமையல் செய்ய வருபவர் அன்பாகத் தரும் மீன் தலை, வாட்ச்மேன் அண்ணா கேட்டருகில் தரும் பன், குப்பைத் தொட்டிப் பக்கம் மோந்து விழுங்கியது, பல் தேய்க்கத் தரும் எலும்புத் துண்டு, மருந்தை மறைத்துக் கொடுக்கும் சீஸ் என்று எதையும் விடக்கூடாது.

எங்கள் குடியிருப்பில் ஒரு ஷிட்ஸூ மாதக்கணக்கில் வயிற்றால் அவதிப்பட்டது. விலை உயர்ந்த உணவு, அதைவிட உயர்ந்த உணவு என்று மாற்றிக்கொண்டே போனார்கள். தாள் ஒட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாடியில் மூன்று வீட்டுக் குழந்தைகள் ஸ்கூல் விட்டு வந்ததும் தனித்தனியாக அதற்கு க்ரீம் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தான் மட்டும்தான் தருவதாக நினைத்திருந்தது. சாதாரண மேரி பிஸ்கட் ஒன்றே ஏறக்குறைய 25 கலோரி. 5 கிலோ நாய் அசையாமல் படுத்திருந்தால் ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 235 கலோரிதான். டிரீட் என்று தருவது எல்லாம் சேர்ந்து அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எல்லா நாய்க்கும் பொருந்தும். வயிறு பலவீனமான நாய்க்கு அதையும் பாதியாக்குங்கள்.

அதே தாளில் மலத்தையும் குறியுங்கள்: எத்தனை முறை, எவ்வளவு, என்ன நிறம், கையில் எடுத்தால் உருவம் நிற்குமா. ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். "லூசா போகுது டாக்டர்" என்ற ஒரு வரியைவிட ஒரு படம் அவருக்கு நூறு மடங்கு உதவும்.

தண்ணீராக, நிறையப் போகிறது; ஆனால் நாய் வாலாட்டிக்கொண்டு சுறுசுறுப்பாக இருக்கிறது

பெரும்பாலும் தின்றது ஒத்துக்கொள்ளாததுதான். வயது வந்த நாய், வாந்தி இல்லை, ரத்தம் இல்லை என்றால் இரண்டு மூன்று நாள் பத்திய உணவில் சரியாகிவிடும். பட்டினி போடத் தேவையில்லை. குடல் சுவருக்கும் தீனி வேண்டும். வாந்தியும் இருந்தால் மட்டும் சில மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் கொஞ்சமாக ஆரம்பியுங்கள்.

பத்தியம் என்பது தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியும் குழைந்த சாதமும். இதில் கோழிக்கடையிலேயே பாதிப் பேர் தவறி விடுகிறார்கள். "நாய்க்கு" என்று சொன்னால் கழுத்து, தோல், கால், ஈரல் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டித் தருவார்கள். விலை குறைவு, நாயும் ஆசையாகத் தின்னும். ஆனால் அந்தத் தோலில் இருக்கிற கொழுப்புதான் புண்பட்ட குடலுக்கு ஆகாதது. "அண்ணா, தோல் வேணாம், எலும்பு வேணாம், நெஞ்சுக்கறி மட்டும் கால் கிலோ குடுங்க" என்று கேளுங்கள். "நாய்க்குத்தானேக்கா, இதுவே போதுமே" என்பார். "வயிறு சரியில்லண்ணா, கொழுப்பு ஆகாது" என்று சொல்லி வாங்குங்கள்.

10 கிலோ நாய்க்கு ஒரு நாள் கணக்கு: 110 கிராம் பச்சை நெஞ்சுக்கறி, வெந்தால் 80 கிராம் அளவுக்கு நிற்கும். அரிசி 70 கிராம், வெந்தால் 200 கிராம் சாதம், கஞ்சித் தண்ணீர் தனி. இரண்டும் சேர்த்தால் 390 கலோரி வரும். அந்த எடை நாய் ஓய்வாக இருக்கும்போது தேவைப்படுவதும் அதுதான். எடை இரட்டிப்பானால் உணவு இரட்டிப்பாகாது: 20 கிலோ நாய்க்கு 660 கலோரி, 30 கிலோ நாய்க்கு 900 கலோரி. லேப்ரடாருக்கு அளவில்லாமல் குவித்து வைத்தால் பத்திய உணவே பேதியை நீட்டிக்கும்.

கறியைத் தனியாகத் தண்ணீரில் வேக வையுங்கள். ஆறிய பிறகு மேலே படிகிற கொழுப்பை ஸ்பூனால் எடுத்துவிட்டு, கறியை நார் நாராகக் கிழித்துக்கொள்ளுங்கள். அரிசியை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் விட்டு, விரலால் நசுக்கினால் பசையாகும்வரை குழைய விடுங்கள். உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சாம்பார் சாதம், ரசம் சாதம் எல்லாம் அதனால்தான் எப்போதும் வேண்டாம் என்கிறேன். இதை நாலாகப் பிரித்து, நாலு வேளையாகக் கொடுங்கள். மீதியை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். சென்னை வெயிலில் சமையல் மேடையில் இரண்டு மணி நேரம் கிடந்த சாதமே அடுத்த பேதிக்குக் காரணமாகிவிடும்.

மலம் உருவத்தோடு வந்த பிறகும் இரண்டு நாள் இதையே தொடருங்கள். பிறகு பழைய உணவை நாலில் ஒரு பங்கு சேர்த்து இரண்டு நாள், பாதி சேர்த்து இரண்டு நாள், முக்கால் பங்கு சேர்த்து இரண்டு நாள் என்று போங்கள். புது பிராண்டுக்கு மாறும்போதும் இதே கணக்கு, 7 முதல் 10 நாள். மூன்றாம் நாளும் தண்ணீராகவே போனால் டாக்டரிடம் போக வேண்டும்.

மாத்திரை விஷயம். பேதியை நிறுத்த மனிதருக்குத் தரும் லோபரமைடு, கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு நரம்பு விஷமாகும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை "வயித்து மாத்திரை" என்று தானாக வாங்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். சாதாரணத் திடீர்ப் பேதி உணவுப் பத்தியத்திலேயே நிற்கும்; ஆன்டிபயாடிக் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கலைத்துவிட்டுப் போகும், அது பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். டாக்டர் பார்த்து எழுதினால் கொடுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. சளி போல வழுவழு. கடைசியில் சிவப்பு ரத்தப் பொட்டு

இது பெருங்குடல் கதை. நாய் முக்கி முக்கி உட்காரும், ஒரு ஸ்பூன் அளவு வரும், பத்து அடி நடந்து மறுபடி உட்காரும். பார்க்க பயமாக இருந்தாலும், நாய் தெம்பாக இருந்து ரத்தம் பொட்டு அளவுக்கு மட்டும் இருந்தால் பதற வேண்டாம்.

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: மனசுக்கு ஏதாவது ஆச்சா? தீபாவளி வெடிச் சத்தம், போர்டிங்கில் விட்டது, வீடு மாறியது, வீட்டு ஆள் ஊருக்குப் போனது எல்லாமே பெருங்குடலைத் தாக்கும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே புது உணவு எதுவும் தராமல் பழகியதையே கொடுங்கள்.

பெருங்குடலுக்கு வேண்டியது நார்ச்சத்து. மஞ்சள் பரங்கிக்காயைத் தோல், விதை நீக்கி ஆவியில் வேகவைத்து மசித்து, 10 கிலோ நாய்க்கு ஒரு டேபிள்ஸ்பூன் உணவில் கலக்கலாம். இன்னும் நன்றாக வேலை செய்வது இசப்கோல். மெடிக்கல் ஷாப்பில் இனிப்பு, சுவை சேர்க்காத வெறும் உமியாகக் கேட்டு வாங்குங்கள். அரை டீஸ்பூனைத் தண்ணீரில் ஊற வைத்து, கொழகொழ என்று ஆன பிறகுதான் சாதத்தில் கலக்க வேண்டும். காய்ந்த உமியை அப்படியே தூவக் கூடாது. பேதிக்கும் மலச்சிக்கலுக்கும் இரண்டுக்கும் அது ஏற்றது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. சாட்டைப்புழுவும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் கூட இப்படியே காட்டும் என்பதால், திரும்பத் திரும்ப வந்தால் மலப் பரிசோதனை கட்டாயம்.

விடிகாலையில் மஞ்சள் நுரை வாந்தி, பிறகு சாதாரணமாக இருக்கிறது

ராத்திரி 7 மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் 8 மணி வரை வெறும் வயிறு. பித்தம் மேலேறி வருகிறது. படுக்கும் முன் இரவு உணவில் ஒரு பங்கை எடுத்து வைத்து 10 மணிக்கு மேல் கொடுங்கள், மொத்த அளவைக் கூட்டாமல். ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பிட்டதும் அப்படியே வெளியே வருகிறது

வயிறு சுருங்கி, குமட்டி வந்தால் வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல், தலையைக் குனிந்ததும் செரிக்காத உணவு குழாய் போல வெளியே விழுந்தால் அது வேறு. உணவுக்குழாயில் தொந்தரவு இருக்கலாம், உணவு மாற்றத்தால் தீராது. வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு நாய் உள்ள வீட்டில் போட்டி போட்டு விழுங்குவதால் வருகிற வாந்திக்கு, தனித்தனி அறையில் வைத்து, அகலமான தாம்பாளத்தில் உணவைப் பரப்பிக் கொடுத்தாலே பலன் தெரியும்.

விருந்து முடிந்த மறுநாள்: வாந்தி, முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது

கும்பிடுவது போன்ற அந்த நிலை வயிற்று வலிக்கு அடையாளம். ஞாயிற்றுக்கிழமை மட்டன் கொழுப்பு, பிரியாணி மிச்சம், பஜ்ஜி, நெய் எல்லாம் கணையத்தை வீங்க வைக்கும். இதற்கு வீட்டுப் பத்தியம் போதாது. ரத்தப் பரிசோதனை, ட்ரிப், வலி மருந்து வேண்டும். ஒரு முறை வந்த நாய்க்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், அதனால் கொழுப்பு குறைந்த உணவே வாழ்நாள் முழுக்க. விருந்து நடக்கும் வீட்டில் நாயை ஒரு அறையில் வைத்துவிடுங்கள். உறவினரிடம் "அதுக்கு வயித்துல பிரச்சனை இருக்கு மாமா, எதுவும் குடுக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் வந்து வந்து போகிறது. காதும் பாதமும் சேர்ந்து அரிக்கிறது

உணவு ஒவ்வாமை இருக்கலாம். நாய்களிடம் அதிகம் பதிவாகியிருப்பவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. சென்னை நாயின் ஒரு நாள் உணவைப் பாருங்கள்: கோழிச் சாதம், பால், தயிர், பிஸ்கட், ரஸ்க். நாலில் மூன்று இங்கேயே இருக்கிறது. பாக்கெட்டில் "ஆட்டுக்கறி" என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பின்பக்கம் சிறிய எழுத்தில் கோழிக் கொழுப்பும் கோழி மாவும் இருக்கும். லேபிளின் கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையையோ முடிப் பரிசோதனையையோ நம்பிப் பணம் கட்டாதீர்கள். உணவு ஒவ்வாமையில் அவை சரியாகச் சொல்வதில்லை. ஒரே வழி விலக்குப் பத்தியம். நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, அவ்வளவுதான். டாக்டர் எழுதித் தரும் ஹைட்ரோலைஸ்டு உணவு எளிது. அதில் புரதத்தை உடல் அடையாளம் காண முடியாத அளவுக்குத் துண்டு துண்டாக உடைத்திருப்பார்கள். விலை அதிகம். அது முடியாதவர்களுக்கு நம் ஊரில் கைக்கு எட்டுவது மீன், உங்கள் நாய் மீனே தின்றதில்லை என்றால். சிந்தாதிரிப்பேட்டையிலோ காசிமேட்டிலோ கொடுவா, சங்கரா மாதிரிக் கொழுப்பு குறைந்த மீனாக வாங்கி, வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுங்கள். வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண்ணை நம்பாமல் விரலை நம்பிச் செய்ய வேண்டிய வேலை இது. கூட உருளைக்கிழங்கோ சர்க்கரைவள்ளிக்கிழங்கோ வேகவைத்து மசியுங்கள். சாதத்தை விட்டுவிடலாம், அப்போது எது குற்றவாளி என்பது தெளிவாகத் தெரியும்.

வயிறு மட்டும் என்றால் இரண்டு வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். தோல் அரிப்புக்கு 8 வாரம் ஆகும். அந்தக் காலம் முழுக்க வேறு எதுவும் கூடாது. கறிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரையும், சுவை சேர்த்த கால்சியமும், கேட்டருகில் கிடைக்கும் பன்னும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாட்ச்மேன் அண்ணாவிடம் நேரில் போய், "அண்ணா, இவனுக்கு வைத்தியம் நடக்குது, ரெண்டு மாசம் எதுவும் குடுக்காதீங்க, இந்தக் கிழங்குத் துண்டை நீங்களே குடுங்க" என்று ஒரு டப்பா வேகவைத்த கிழங்கைக் கொடுத்து வையுங்கள். கொடுக்கிற சந்தோஷத்தை அவரிடமிருந்து பறிக்காமல் இருந்தால் பத்தியம் உடையாது.

அறிகுறி அடங்கிய பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்ய மனசு வராது, புரிகிறது. ஆனால் மறுபடி வந்தால்தான் ஒவ்வாமை என்று உறுதியாகும். சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். வளரும் குட்டிக்கு வீட்டுச் சமையலில் இந்தச் சோதனையை டாக்டர் இல்லாமல் செய்யாதீர்கள், எலும்பு வளர்ச்சி கெடும்.

"தயிர் சாதத்துலதான் வளர்ந்துச்சு, இப்ப ஏன் ஒத்துக்கல?"

வளர்ந்த நாயின் குடலில் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற என்சைம் குறைந்துவிடும். பால் குடித்தால் வயிறு கடமுடா என்று பேசும், பிறகு போகும். தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் பல நாய்கள் தாங்கும், எல்லா நாயும் அல்ல. வயது ஏற ஏறத் தாங்குவதும் குறையலாம். பாலை முழுதாக நிறுத்தி ஒரு வாரம், பிறகு தயிரை நிறுத்தி ஒரு வாரம் என்று தனித்தனியாகப் பாருங்கள்.

தயிர் சாதத்தை வருஷக்கணக்கில் முழு உணவாகத் தருவது பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. புரதம் போதாது, இரும்பு, துத்தநாகம், தேவையான கொழுப்பு அமிலங்கள் எல்லாமே குறை. வெறும் கோழிச் சாதமும் அப்படித்தான், எலும்பில்லாத கறியில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. பத்தியமாகச் சில நாளுக்கு நல்லது, வருஷக் கணக்குக்கு நல்லதில்லை. சைவ வீடுகளில் முட்டை அனுமதி என்றால் வேகவைத்த முட்டை பெரிய உதவி. அதுவும் முடியாது என்றால் நாய்க்கென்றே முழுச் சத்தோடு தயாரித்த சைவ உணவைப் பாருங்கள், டாக்டரைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். வீட்டுச் சமையலே நிரந்தரம் என்று முடிவு செய்தால், கால்சியமும் தாதுக்களும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

நன்றாகச் சாப்பிடுகிறது, இளைத்துக்கொண்டே போகிறது

முதலில் பூச்சி. குட்டிக்கு 2 வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து தர வேண்டும். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி ஈறை வெளுக்க வைக்கும். ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவதால், தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

பூச்சி இல்லை, மலம் வெளிறி எண்ணெய்ப்பசையாக, குவியல் குவியலாகப் போகிறது, கண்டதைத் தின்னும் அகோரப் பசி என்றால் கணைய என்சைம் சுரக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இது அதிகம். டிஎல்ஐ என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும். ஒவ்வொரு வேளையும் என்சைம் பொடி கலந்து கொடுத்து, பி12 ஊசி போட்டால் எலும்பும் தோலுமாக இருந்த நாய் தேறிவிடும். எந்த உணவை மாற்றினாலும் இந்த மருந்து இல்லாமல் தேறாது.

மழைக்காலத்திலும் வெயிலிலும் மட்டும் கெடுகிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, திறந்த டிரை ஃபுட் பையில் ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும், கொழுப்பு காறிப்போகும். 10 கிலோ மூட்டை மலிவு என்று சின்ன நாய்க்கு வாங்காதீர்கள். திறந்த பையை ஒரு மாதத்துக்குள் தீர்க்க முடிகிற அளவே வாங்குங்கள். பையோடு அப்படியே காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், பழைய மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்ட வேண்டாம். மழைத் தண்ணீர் தேங்கும் பகுதிகளில் சம்ப்பில் சாக்கடை கலக்கும். நாய்க்கும் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான்.

தேங்கிய தண்ணீரில் நடந்த நாய் சோர்ந்து, வாந்தி எடுத்து, கண் மஞ்சளாகத் தெரிந்தால் எலி மூத்திரத்தால் வரும் லெப்டோ காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும், வருஷா வருஷம் தடுப்பூசி உண்டு. அதேபோல உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிற, மந்தமான நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் டிக் ஃபீவர் அவ்வளவு பரவலாக இருக்கிறது. வயிறு என்று நினைத்து நாள் கடத்தினால் பிளேட்லெட் இறங்கிவிடும்.

கத்திரி வெயிலில் பசி குறைவது இயல்பு. காலை 6 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கு மேலும் உணவு கொடுங்கள். சாப்பிடவில்லையே என்று ஈரலும் நெய்யும் சேர்த்துக் கவர்ச்சி காட்டாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது

அந்தத் தாளையும் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். உணவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று காலை போன மலத்தில் ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் போட்டு, கிளம்பும்வரை ஃபிரிட்ஜில் தனிப் பையில் வையுங்கள். ஜியார்டியா ஒரு மாதிரியில் சிக்காமல் போகலாம். ஒன்று விட்டு ஒரு நாள் எடுத்த மூன்று மாதிரி கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் கொடுங்கள். டப்பாவை வெயிலில் நிற்கும் காரிலோ வண்டி டிக்கியிலோ விட்டு வைக்காதீர்கள், சூட்டில் மாதிரி கெட்டுவிடும்.